அமீரகத்தில் வேலை முடிந்தும் செட்டில்மென்ட் வரவில்லையா? கணக்கிலிருந்து வழக்கு வரை

விசா கேன்சல் ஆகும் நாளில் மந்தூப், அதாவது கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர், ஒரு தாளை நீட்டுவார். "தம்பி, இதுல ஒரு சைன் போடு. டிக்கெட் ரெடி. காசு நாளைக்கு அக்கவுண்ட்ல விழுந்துடும்." தாளில் பாதி அரபி, பாதி ஆங்கிலம். ஊருக்குப் போகிற அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? நானும் படிக்கவில்லை. எனக்குச் சேரவேண்டியதை எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அதில் ஒரு வரி இருந்தது என்பது, காசு வராமல் மூன்று மாதம் போன் போட்டு ஓய்ந்தபிறகுதான் தெரிந்தது. அந்த முறை ஒன்றரை வருட லீவு சம்பளம் போனது.

பிறகு மறுபடி போய், வேறொரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் டைம்கீப்பராகவும் சம்பளக் கணக்கு போடுபவனாகவும் பல வருடம் இருந்தேன். செட்டில்மென்ட் (வேலை முடியும்போது தீர்க்கவேண்டிய கடைசிக் கணக்கு) தாளைத் தயாரிக்கும் பக்கமும் தெரியும், ஏமாந்து கையெழுத்துப் போட்ட பக்கமும் தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில், அதாவது துபாய், ஷார்ஜா, அபுதாபி பக்கம், தனியார் கம்பெனியில் வேலை பார்த்து வெளியே வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சவூதி, கத்தார், குவைத்துக்குத் தனித்தனிச் சட்டம் உண்டு. இந்தக் கணக்கை அங்கே வைத்துப் பேசாதீர்கள்.

முதலில், உங்களுக்கு எந்தச் சட்டம்?

பெரும்பாலானவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் பொருந்தும். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ளது. உங்கள் லேபர் கார்டு மனிதவள அமைச்சகத்திலிருந்து, நம் ஆட்கள் சொல்லும் 'மோஹ்ரே'யிலிருந்து, வந்திருந்தால் நீங்கள் இதில் அடக்கம். ஜபல் அலி போன்ற ஃப்ரீ ஸோன் கம்பெனி என்றாலும் சட்டம் இதுதான், ஆனால் புகாரை முதலில் அந்த ஃப்ரீ ஸோன் நிர்வாகத்திடம் கொடுக்கவேண்டும். துபாயின் டிஐஎஃப்சி, அபுதாபியின் ஏடிஜிஎம் என்ற இரண்டு நிதி ஃப்ரீ ஸோன்களும் விதிவிலக்கு. அவற்றுக்குச் சொந்தச் சட்டமும் சொந்த நீதிமன்றமும் இருக்கின்றன. டிஐஎஃப்சியில் 2020 பிப்ரவரியிலிருந்து வேலை முடியும்போது தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிப் பணம், மாதாமாதம் ஒரு சேமிப்பு நிதிக்குப் போகிறது. வீட்டு வேலை, வீட்டு டிரைவர் வேலை பார்ப்பவர்களுக்குத் தனிச் சட்டம் என்பதால் கீழே உள்ள கணக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. புகார் கொடுக்கும் இடம் மட்டும் அதே அமைச்சகம்தான்.

கணக்கை நீங்களே போடுங்கள்

கம்பெனி என்ன தருகிறது என்று கேட்கப் போவதற்கு முன்னால், என்ன தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையில் எண் இல்லாமல் போகிறவனுக்கு அங்கே ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

கிராஜுவிட்டி கிடைக்கத் தொடர்ந்து ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்கவேண்டும். முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் சம்பளம். மீதி மாதங்களுக்கும் அதே விகிதத்தில் வரும். மொத்தத் தொகை இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. நம்மில் பலர் அந்த வரம்பைத் தொடவே மாட்டோம்.

இங்கே சம்பளம் என்றால் 'பேசிக்', அதாவது அடிப்படைச் சம்பளம் மட்டும். கைக்கு வரும் முழுச் சம்பளம் இல்லை. ரூம் அலவன்ஸ், சாப்பாடு, ஓவர்டைம் எதுவும் சேராது. 2,500 திர்ஹம் வாங்குகிறவரின் கான்ட்ராக்டில் பேசிக் 1,500 என்றிருந்தால் கணக்கு 1,500-க்குத்தான். ஆனால் அந்தப் பேசிக், வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்தது அல்ல, கடைசியாக வாங்கியது.

ஒரு உதாரணம். 2018 மார்ச் 1 அன்று சேர்ந்தவர், 2025 ஆகஸ்ட் 31 அன்று வேலையை விடுகிறார். ஏழரை வருடம். கடைசி பேசிக் 1,500. அதை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம். முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அது 5,250. மீதி இரண்டரை வருடத்துக்கு 75 நாள், அது 3,750. ஆகக் கூடி 9,000 திர்ஹம். நடுவில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சம்பளம் இல்லாத லீவில் 60 நாள் ஊரில் இருந்திருந்தால், அந்த 60 நாள் சேவைக் காலத்திலிருந்து கழியும். இந்தக் கணக்கில் அது சுமார் 250 திர்ஹம் குறைக்கும், அவ்வளவுதான். 'நீ ரெண்டு மாசம் ஊரில் இருந்தாயே' என்று ஒரு வருடத்தையே வெட்டினால் அது கணக்கு இல்லை.

ஊரில் இன்னும் ஒரு பேச்சு உலவுகிறது: நாமாக ரிசைன் பண்ணினால் கிராஜுவிட்டி போச்சு என்று. 1980-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அப்படி இருந்தது. ராஜினாமா செய்தால் வருடத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று குறைத்தார்கள். சில கான்ட்ராக்டுகளில் ஐந்து வருடம் முடியாமல் விட்டால் ஒன்றுமே கிடையாது. இப்போதைய சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. நான்கு வருடம் முடித்து நீங்களே விலகினாலும் 84 நாள் சம்பளம் உங்களுடையது. சில கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் பழைய கணக்கையே இன்னும் போடுகிறார்கள். தெரியாமல் போடுகிறார்களா, தெரிந்தே போடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

கிராஜுவிட்டி மட்டுமா?

இல்லை. எடுக்காமல் மிச்சம் இருக்கும் ஆண்டு விடுப்புக்குப் பேசிக் கணக்கில் காசு வரவேண்டும். மேலே சொன்னவருக்கு 38 நாள் லீவு பாக்கி என்றால் அது 1,900 திர்ஹம். அப்புறம் கடைசி மாதச் சம்பளம், பாக்கி ஓவர்டைம். நோட்டீஸ் கொடுக்காமல் கம்பெனி நிறுத்தியிருந்தால் நோட்டீஸ் காலத்துக்கான சம்பளமும் உண்டு. கான்ட்ராக்டில் அது 30 நாளுக்கும் 90 நாளுக்கும் இடையில் இருக்கும். இது இரண்டு பக்கமும் வெட்டும். நீங்கள் நோட்டீஸ் கொடுக்காமல் நின்றிருந்தால் அந்தத் தொகையைக் கம்பெனி உங்களிடம் கேட்கலாம்.

ஊருக்கு டிக்கெட் கம்பெனி செலவு. நீங்கள் அங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினாலோ, உங்கள் தவறால் வேலை போனாலோ அது கிடையாது. அனுபவச் சான்றிதழை இலவசமாகத் தரவேண்டும். விசாவுக்கு, ஆள் எடுத்ததற்கு ஆன செலவை உங்களிடமிருந்து பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. செட்டில்மென்ட் தாளில் 'விசா செலவு' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே விரலை வையுங்கள்.

காகிதம் சேர்ப்பது: ராஜினாமாவுக்கு முன்னால்

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சண்டை வந்தபிறகு கம்பெனியிடம் போய் பே ஸ்லிப் கேட்டால் யார் கொடுப்பார்கள்? வேலையில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

முக்கியமானது அமைச்சகத்தில் பதிவான கான்ட்ராக்ட். ஊரில் ஏஜென்ட் கொடுத்த ஆஃபர் லெட்டர் ஒன்று சொல்லும், பதிவான கான்ட்ராக்ட் வேறொன்று சொல்லும். புகாரில் பேசுவது பதிவானதுதான். மோஹ்ரே ஆப்பில் அதைப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பேசிக் எவ்வளவு, சேர்ந்த தேதி எது என்று இரண்டையும் சரிபாருங்கள். ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் இரண்டு மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருந்தால் முதன்முதலில் சேர்ந்த தேதியைக் காட்டும் பழைய கான்ட்ராக்டும் வேண்டும். கடைசி கான்ட்ராக்டின் தேதியிலிருந்து மட்டும் கணக்குப் போட்டு ஐந்து வருடத்தை விழுங்கிய தாள் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

அதோடு சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, லேபர் கார்டு நகல், லீவுக்குப் போய்வந்த பக்கங்களின் முத்திரை, ராஜினாமா அல்லது டெர்மினேஷன் கடிதம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். போன் தொலையும், ஈமெயில் தொலையாது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, அமீரக சிம். அரசு ஆப்புகளில் நுழைவதற்கான யுஏஇ பாஸ் கணக்கு அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். ஓடிபி அதற்குத்தான் வரும். ஊருக்கு வந்தாலும் பணம் கைக்கு வரும்வரை அந்த எண்ணைச் சாக விடாதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள்

வேலை முடிந்த தேதியிலிருந்து 14 நாளுக்குள் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் கொடுத்து முடிக்கவேண்டும் என்பது சட்டம். கடைசி நாளுக்கு முன்பே எச்ஆருக்கு நாலு வரி ஈமெயில் போடுங்கள்: சேர்ந்த தேதி, முடியும் தேதி, பேசிக், உங்கள் கணக்குப்படி வரவேண்டிய தொகை. கோபம் வேண்டாம், மிரட்டல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் மேனேஜர் "வரும் வரும்" என்று சொல்வதும் ஒரு ஆதாரம்தான், அழிக்காதீர்கள். ஆனால் நேரில் சொன்ன வாக்கு காற்றோடு போய்விடும்.

அந்தக் கையெழுத்து

கேன்சலேஷன் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் பொதுவாக வேலை நகராது. உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அது. காசு கணக்கில் ஏறியபின் கையெழுத்து, இல்லையென்றால் செக்கை வாங்கிக்கொண்டு அது பணமானபின் கையெழுத்து. 'சைன் போடாவிட்டால் அப்ஸ்காண்ட் போட்டுவிடுவோம்', அதாவது வேலையை விட்டு ஓடிப்போனவன் என்று அறிக்கை கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினால், உடனே அமைச்சகத்தில் புகாரைப் பதியுங்கள். தகவல் இல்லாமல் 7 நாளுக்கு மேல் தொடர்ந்து வராதவர் மீதுதான் அந்த அறிக்கை போடமுடியும். உங்கள் புகார் அதற்கு முன்பே பதிவில் இருந்தால் 'ஓடிப்போனான்' என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? வழி அடைபட்டுவிடவில்லை, குறுகிவிட்டது. சம்பளம் வங்கி வழியாகத்தான் வந்தது, செட்டில்மென்ட் தொகை மட்டும் வரவே இல்லை என்று ஸ்டேட்மென்ட் காட்டினால், 'கொடுத்தோம்' என்பவர்களிடம் எப்படிக் கொடுத்தீர்கள் என்ற கேள்வி எழும். ரொக்கமாகக் கொடுத்தோம் என்று வவுச்சரில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் சிரமம்தான். பொய் சொல்லி ஆறுதல் தர விரும்பவில்லை.

அமைச்சகத்தில் புகார்

14 நாள் தாண்டியும் காசு வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். மோஹ்ரே ஆப்பிலோ இணையதளத்திலோ புகார் பதியலாம். தொழிலாளர் புகாருக்கென்றே 80084 என்ற எண் இருக்கிறது. புகாரில் என்ன நடந்தது என்று கதை எழுதாமல், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்: கிராஜுவிட்டி 9,000, லீவு 1,900, ஆகஸ்ட் சம்பளம் 2,500, டிக்கெட். சேர்க்காமல் விட்டதைப் பின்னால் சேர்க்க அலையவேண்டியிருக்கும். பதிந்ததும் வரும் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு அமைச்சக அதிகாரி இரண்டு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார். பெரும்பாலும் போனிலேயே நடக்கும். கம்பெனித் தரப்பு இங்கே ஒரு சின்னத் தொகையைச் சொல்லிப் பார்க்கும். என் அபிப்பிராயம்: கணக்கில் நூறு இருநூறு குறைந்து, காசு இந்த வாரமே கைக்கு வருமானால் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பாதித் தொகைக்கு, அதுவும் தவணையில் என்றால், வேண்டாம். சமரசத்துக்கு ஒப்புக்கொண்டு கம்பெனி பிறகு மீறினால், தொகை எவ்வளவானாலும் அமைச்சகமே இறுதி முடிவு எடுக்கமுடியும். அதனால் சமரசத்தில் தேதியும் தொகையும் எழுத்தில் இருக்கட்டும்.

சமரசம் ஆகவில்லை என்றால் தொகை முக்கியமாகிறது. 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹம் வரையிலான கோரிக்கைகளுக்கு அமைச்சகமே தீர்ப்பு மாதிரி உத்தரவு போடுகிறது. நம்மில் பெரும்பாலோரின் கணக்கு இதற்குள் அடங்கிவிடும். அந்த உத்தரவை நேராக நிறைவேற்றலுக்குக் கொண்டுபோகலாம். எதிர்ப்பவர் 15 வேலை நாளுக்குள் முதல்நிலை நீதிமன்றம் போகலாம், அதன் தீர்ப்போடு முடிந்தது. 50,000-க்கு மேல் என்றால் அமைச்சகம் கோப்பை லேபர் கோர்ட்டுக்கு அனுப்பும். அனுப்பிய தகவல் வந்ததும் தாமதிக்காமல் வழக்கைப் பதியவேண்டியது நீங்கள்தான். கோர்ட் தானாகக் கூப்பிடும் என்று ரூமில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1,00,000 திர்ஹமுக்கு மேற்படாத தொழிலாளர் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. ஆவணங்களை அரபியில் மொழிபெயர்க்க மட்டும் செலவாகும். உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரை வேண்டும், ரூமில் இருக்கும் அரபி தெரிந்த பாய் எழுதிக்கொடுத்தால் செல்லாது.

புகார் நடக்கும்போது விசா தேதியை மறக்காதீர்கள். கேன்சல் ஆனபின் தரப்படும் அவகாசம் முடிந்தும் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். கிராஜுவிட்டிக்காகக் காத்திருந்து கிராஜுவிட்டியையே அபராதமாகக் கட்டியவர் கதையும் கேம்பில் கேட்டிருக்கிறேன்.

உத்தரவு வந்தபின்

உத்தரவு என்பது காசு இல்லை, காகிதம். கம்பெனி தானாகக் கட்டாவிட்டால் நிறைவேற்றல் கோர்ட்டில் தனிக் கோப்பு திறக்கவேண்டும். அங்கிருந்துதான் கம்பெனியின் வங்கிக் கணக்கை முடக்குவது, சொத்தைப் பிடிப்பது எல்லாம். உங்கள் வங்கிக் கணக்கின் ஐபான் (சர்வதேசக் கணக்கு எண்) எண்ணைச் சரியாகக் கொடுங்கள், கணக்கை மூடியிருக்கவும் கூடாது.

கம்பெனியே திவாலாகிக் கதவைச் சாத்திவிட்டால்? அமைச்சகத்தில் பதிவான தொழிலாளருக்காகக் கம்பெனி வங்கி உத்தரவாதம் வைத்திருக்கவேண்டும், அல்லது இன்சூரன்ஸ் எடுத்திருக்கவேண்டும். இன்சூரன்ஸில் ஒரு ஆளுக்கு 20,000 திர்ஹம் வரை பாக்கிச் சம்பளமும் கிராஜுவிட்டியும் கிடைக்க வழி உண்டு. புகாரின்போதே இதைக் கேளுங்கள். வேலை இழப்புக்காக நீங்களே பிரீமியம் கட்டிய காப்பீடு வேறு. அதை வேலை போன 30 நாளுக்குள் கோரவேண்டும், ரிசைன் செய்தவர்களுக்குக் கிடையாது.

ஊருக்கு வந்துவிட்டவர்களுக்கு

காலக்கெடு முன்பு ஒரு வருடமாக இருந்தது. 2024 ஆகஸ்ட் 31-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலை முடிந்த தேதியிலிருந்து இரண்டு வருடம். ஊர் வந்திறங்கிய தேதியிலிருந்து இல்லை.

சிம் உயிரோடு இருந்தால் ஊரிலிருந்தே ஆப்பில் புகார் பதிந்து பார்க்கலாம். கோர்ட் வரை போகும் நிலை என்றால் அங்கே உங்களுக்காக நிற்க ஒருவர் வேண்டும், அவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும். இங்கே நோட்டரி, பிறகு மாநில உள்துறை, அப்புறம் டெல்லி வெளியுறவு அமைச்சகம், அதன்பின் அமீரகத் தூதரகம் அல்லது திருவனந்தபுரம் போன்ற ஊரில் உள்ள துணைத் தூதரகம் என்று சான்றொப்பம் ஏறவேண்டும். அங்கே போனபின் அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரையும் அரபி மொழிபெயர்ப்பும் வேண்டும். அலைச்சலும் செலவும் கணிசம். 2,000 திர்ஹம் பாக்கிக்கு இதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 20,000 என்றால் இறங்கலாம். அடுத்த மாதம் ஊருக்கு வரப்போகும் நண்பன் எந்தத் தேதியில் அமீரகம் திரும்புகிறான் என்று கேட்டு, அவன் பெயரில் எழுதி, அவன் கையிலேயே கொடுத்தனுப்பினால் ஒரு கூரியர் மிச்சம்.

இதனோடு இந்திய அரசின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியுங்கள். அது துபாய் துணைத் தூதரகத்துக்கோ அபுதாபி தூதரகத்துக்கோ போகும். அவர்கள் கம்பெனியிடம் பேசுவார்கள், உத்தரவு போடமுடியாது. சில கம்பெனிகள் அந்த ஒரு போனுக்கே அசையும். துபாயில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா சட்ட ஆலோசனையும் தருகிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் மனுக்களை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புகிறது. இவையெல்லாம் துணைக்குத்தான். இங்கே மனுப் போட்டுவிட்டேன் என்று அமைச்சகப் புகாரைத் தள்ளிப்போட்டால் அந்த இரண்டு வருடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலாளி நம் நாட்டுக்காரராக இருந்து, அங்கே கடையை மூடிவிட்டு இங்கே வந்து சொத்தோடு இருந்தால் இன்னொரு கதவு உண்டு. 2020 ஜனவரியில் இந்திய அரசு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. அதனால் அங்குள்ள நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொல்லி அளித்த தீர்ப்பை, சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றக் கேட்கலாம். மறுபடி முதலிலிருந்து வழக்கு நடத்தவேண்டியதில்லை. தீர்ப்பின் சான்றிட்ட நகலும், இதுவரை எவ்வளவு வசூலானது என்று அந்த நீதிமன்றம் தரும் சான்றிதழும் வேண்டும். ஊர் திரும்பும் முன் அந்த இரண்டு தாளையும் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள்.